பாண் மரமும் அதன் சாதியும்

1986ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், வடமராட்சிக் கிராமமொன்றிலிருந்து பாரிஸ் மாநகரைச் சென்றடைந்த இளைஞர் ஒருவர், அகன்ற வீதியொன்றின் ஓரத்து மரங்களின் கீழ், பளபளக்கும் கபில நிறக் கொட்டைகள் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டார். முதல்நாள் மாலைதான் சுரங்கப் புகையிரத நிலையத்தின் வாயிலில், கரியடுப்பில் வாட்டிய அதேபோன்ற கொட்டைகளைக் கடதாசிச் சுருளில் இட்டு விற்பதை அவர் பார்த்திருந்தார். அவற்றின் மணம் வயிற்றைக் கிள்ளியது. விலையோ கையைக் கட்டியது. அங்கே காசுக்கு விற்பது இங்கே காலடியில் இலவசமாகக் கிடக்கையில் விட்டுவிட மனம் வருமா? இரண்டு பை நிறையப் பொறுக்கிச் சென்று, ஆறு பேர் ஒண்டியிருந்த அறையில், உப்பிட்டு அவித்தார். வேப்பங்காயினும் கசந்த அக்கொட்டைகளை, கிழங்குகளிலும் கசப்பான கிழங்கு நல்லதென்று சொல்லிக்கொண்டு ஆளுக்கு நான்கைந்து விழுங்கினர். அன்றிரவு ஆறு பேரும் மாறிமாறிக் குளியலறை வாயிலில் நின்றனர்.

அவர் பாத்திரம் கழுவும் வேலை பார்த்த உணவகத்தில், கோர்சிக்காத் தீவிற் பிறந்த மூதாட்டியொருவர் சமையல் செய்துவந்தார். மறுநாட் காலையில் நிகழ்ந்ததைக் கேட்டு முதலில் வயிறு குலுங்கச் சிரித்தவர், பின்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர்கள் தின்றதன் பெயரைச் சொன்னார். பிரெஞ்சு மொழியில் அதன் பெயர் "மரோன் தெந்த்". அதாவது இந்திய மரோன். "உங்கள் பக்கத்து மரம்தானே, உனக்குத் தெரியாதா?" என்று அம்மூதாட்டி உண்மையாகவே வியப்புடன் வினவினாராம். இந்தியாவையும் அறியாத, தன் ஊருக்கு அப்பால் அதிகம் கண்டிராத அவ்விளைஞருக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

உண்மையில் அம்மரத்துக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதன் தாயகம் கிரேக்கம், அல்பேனியா ஆகிய நாடுகளை உள்ளடக்கிய பால்கன் மலைப்பகுதி. 16ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோபிள் வழியாக அது மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்றது. கிழக்கிலிருந்து வந்த எதையும் இந்தியாவினது என்று சொல்லிவிடும் வழக்கம் அக்காலத்தில் மலிந்திருந்தது. துருக்கியர் அக்கொட்டையைக் குதிரைகளின் இருமலுக்கு மருந்தாகக் கொடுத்தனர் என்ற செய்தியால் ஆங்கிலேயர் அதனைக் குதிரைச் செஸ்நட் என அழைத்தனர். அழகான நிழலும் வெண்பூங்கொத்துகளும் உடையதாகையால் அரண்மனைத் தோட்டங்களிலும் நகர வீதிகளிலும் அது இடம்பிடித்தது. உணவாகும் செஸ்நட்டோ காட்டிலும் மலைச்சாரலிலும் நின்றது. நகரத்தில் நிழல் தருவது ஒன்று, மலையிற் பசி தீர்ப்பது மற்றொன்று. இரண்டுக்கும் பெயர் மட்டும் பொதுவாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூதாட்டி அவரைப் பாரிசுக்கு வடக்கேயுள்ள மொன்மொரான்சிக் காட்டுக்கு அழைத்துச் சென்றார். அக்காட்டின் பெரும்பகுதி செஸ்நட் மரங்களே. வேறுபாடு அங்கே கண்முன் தெரிந்தது. நகர வீதி மரத்தின் இலை, விரல் விரித்த கைபோல ஐந்து முதல் ஏழு சிற்றிலைகளைக் கொண்டது. காட்டு மரத்தின் இலையோ தனித்தது, நீண்டது, வாள்போல ஓரம் பற்களுடையது. வீதி மரத்தின் காய்மூடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முட்கள். காட்டு மரத்தின் மூடி முள்ளம்பன்றிக் குட்டிபோல ஊசி முட்களால் நெருங்கப் போர்த்தது. முன்னையதில் உருண்டு மழமழத்த ஒரு கொட்டை இருக்கும். பின்னையதில் இரண்டு மூன்று கொட்டைகள் ஒன்றையொன்று நெருக்கித் தட்டையாகி, ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு குஞ்சத்துடன் காணப்படும். இக்குஞ்சம் பூவின் எச்சம். இதைக் கண்டால் தின்னலாம், காணாவிட்டாற் குதிரைக்கு விடு என்பதே மூதாட்டி புகட்டிய தாவரவியல். பல்கலைக்கழக விரிவுரைகளில் இதனிலும் நீண்டவை உண்டு. இதனிலும் பயனுடையவை சிலவே.

தாவரவியலாரின் வகுப்பு இவ்விரண்டையும் வெகுதொலைவில் வைக்கின்றது. உணவாகும் செஸ்நட் ஓக் மரமும் பீச் மரமும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. 1753இல் லினேயசு அதனைப் பீச் மரத்தின் சாதியுள் அடக்கினார். மறு ஆண்டே ஆங்கிலத் தோட்டக்கலையறிஞரான பிலிப் மில்லர் அதனைப் பிரித்துக் கஸ்தானியா எனத் தனிச்சாதியாக்கினார். 1768இல் ஐரோப்பிய இனத்துக்குப் பயிரிடப்படுவது என்னும் பொருள்தரும் சட்டைவா என்ற பெயரையும் சூட்டினார். குதிரைச் செஸ்நட்டோ றம்புட்டான், லீச்சி, பூவந்தி ஆகியவற்றின் குடும்பத்தில் இன்று வைக்கப்படுகின்றது. பூவந்திக்காய் நுரைப்பதற்குக் காரணமான சப்போனின் வகைப் பொருள்களே அக்கொட்டையிலும் உள. அன்றிரவு ஆறு பேரின் வயிற்றைக் கலக்கியவற்றுள் அவையும் அடங்கும். ஆக, தமிழர் அறிந்த மரங்களோடு உறவுடையது கசந்த கொட்டையேயன்றி இனித்த கொட்டையன்று. மூதாட்டியின் வினாவில், அவர் அறியாமலே, இத்துணையளவு உண்மை இருந்தது எனலாம்.

இலங்கைப் பாடநூல்களில் ஒத்த இனங்களின் தொகுதியைக் குறிக்கச் சாதி என்ற சொல்லே வழங்குகின்றது. தமிழகத்தார் பேரினம் என்பர். கலைச்சொல்லாக்கக் குழுவினர் அச்சொல்லைத் தெரிந்தபோது அதன் மறுபொருளை நினைத்தனரோ இல்லையோ, செஸ்நட்டின் வரலாற்றைப் படிப்பவர் இரு பொருளையும் நினையாதிருத்தல் அரிது. ஏனெனில், தாவரவியலார் ஒன்றெனக் கூறிய கொட்டையையே சந்தையும் சமூகமும் இரண்டாகப் பிரித்தன.

பிரெஞ்சுக்காரர் ஒரே மரத்தினத்தின் கொட்டையை மரோன் என்றும் ஷத்தேன் என்றும் இருவகையாகச் சொல்வர். கொட்டையின் தடித்த மேலோட்டின் உள்ளே, பருப்பைப் போர்த்த மெல்லிய கபிலத் தோல் ஒன்று உண்டு, அது துவர்ப்பது. சில கொட்டைகளில் அத்தோல் பருப்பினுள் மடிந்து சென்று அதனை இரண்டாக மூன்றாகக் கூறுபோடும். அவற்றை உரிப்பது பெருந்தொல்லை. தோல் போக, மிஞ்சுவது துண்டு துணுக்குகளே. கூறுபடாத பருப்புள்ள கொட்டை முழுதாக உரியும். ஒரு மரவகை தரும் கொட்டைகளுள் கூறுபட்டவை 12 வீதத்துக்குக் குறைவாயின் அவ்வகை மரோன்; மிகுந்தால் ஷத்தேன். இத்தாலியரும் மரோனே, கஸ்தாஞ்ஞா என இவ்வாறே பிரிப்பர். உயிரியலில் இப்பிரிவுக்கு இடமில்லை. ஒரே மலைச்சாரலில், ஒரே மண்ணில், ஒட்டுக்கிளை வேறாக நிற்கும் இரு மரங்களுள் ஒன்று சீனிப்பாகில் ஊறிப் பொற்கடதாசி சுற்றிய பெட்டியில் ஏறும். மற்றது மாவாகும், கஞ்சியாகும், பன்றிக்குத் தீனியாகும். பாரிஸ் தெருக்களில் மரோன் எனக் கூவி விற்கப்படுபவற்றிற் பல ஷத்தேனே என்பது வேடிக்கை. விற்பவனுக்கு எந்தப் பெயர் விலைபோகும் என்பது தெரியும்.

கொட்டை என்ற வகுப்பிற்கூட இது இடறுகின்றது. தாவரவியல் வரையறைப்படி செஸ்நட் உண்மையான கொட்டை. பாதாம் அவ்வாறன்று, நிலக்கடலை அவரையினத்தது. ஆயின் அடுப்பங்கரையில் நோக்குமிடத்து, பாதாமில் ஏறத்தாழ அரைப்பங்கு கொழுப்பு. செஸ்நட்டில் அது நூறு கிராமுக்கு இரண்டு கிராம் அளவே. புதிய கொட்டையிற் பாதி நீர். எஞ்சியதிற் பெரும்பகுதி மாப்பொருளும் வெல்லமும். கொட்டைகளிடையே அரிதான விற்றமின் சீயும் இதில் உண்டு. எனவே இதனை மரத்திற் காய்க்கும் கிழங்கு என்றோ, மரத்திற் காய்க்கும் தானியம் என்றோ கூறுதல் பொருந்தும். நீர்ச்சத்து மிகுதியால் சில வாரங்களிற் பூஞ்சணம் பிடிக்கும். நெருப்பில் இடுமுன் ஓட்டைக் கீறாவிட்டால் உள்ளே நீராவி அடைபட்டு வெடிக்கும். நீரில் இட்டால் மிதப்பது பெரும்பாலும் புழு தின்றது. ஏனைய கொட்டைகளைப்போல ஒரு பேணியில் அடைத்து வைத்து வேண்டியபோது தின்ன இயலாத இதனை ஆண்டு முழுவதும் உணவாக்க வேண்டுமாயின், உலர்த்துவதொன்றே வழி.

அவ்வுலர்த்துகையிலேதான் மலைநாட்டு மக்களின் அறிவு முழுவதும் அடங்கியிருந்தது. தென்பிரான்சின் செவேன் மலைகளில் கிளேத் எனப்படும் சிறிய கற்கட்டடங்கள் இன்றும் காணப்படுகின்றன. கீழறையில் நெருப்பு, மேலே, இடைவெளிவிட்டு அடுக்கிய சட்டங்களாலான பரணிற் கொட்டைகள். தீ கொழுந்துவிடக் கூடாது, புகைந்துகொண்டே இருக்கவேண்டும். செஸ்நட் மரத்துண்டுகளையே இட்டு, மேலே பழைய ஓடுகளையும் உமியையும் போட்டு அமர்த்தி, நான்கு முதல் ஆறு வாரங்கள் இரவு பகலாக அதனைக் காப்பர். இடையிற் கொட்டைகளைப் புரட்டிவிடுவர். உலர்ந்தபின் மூட்டையிற் கட்டிக் குற்றியில் அடிப்பதும், இரும்புப் பற்கள் பதித்த மரப் பாதணிகளை அணிந்து மிதிப்பதும் ஓடு நீக்கும் முறைகள். பின்னர் சுளகுபோன்ற தட்டுகளிற் புடைத்து, முழுதானவற்றை வீட்டுக்கும் உடைந்தவற்றை விலங்குகளுக்குமாகப் பிரிப்பர். கல்லாக இறுகிய மஞ்சட் பருப்பு ஆண்டுக்கணக்கில் கெடாது. இரவு ஊறவிட்டு, பாலும் நீரும் சேர்த்து மெல்லக் காய்ச்சினால் பஜானா என்னும் கூழ். பனிக்கால மாதங்களில் நாள்தோறும் அதுவே. புழுக்கொடியலைக் கடவாயில் இட்டு ஒரு பிற்பகல் முழுவதும் கரைத்தவர்களுக்கு, அப்பருப்பின் உறுதியும் அது மெல்ல விடுகின்ற இனிமையும் விளங்கும்.

அம்மக்கள் இம்மரத்தைப் பாண் மரம் என்றனர். பிரெஞ்சு அகராதியைப் புரட்டினால் அதே தொடருக்கு முதற்பொருளாக ஈரப்பலா வந்து நிற்கும்! கொட்டையைப் பாணாக்கும் எண்ணம் பழைமையானது. கி.பி. முதலாம் நூற்றாண்டு உரோம அறிஞர் பிளினி, இக்கொட்டையின் மா நோன்பிருக்கும் பெண்களுக்குப் பாண் போன்றதொன்றாக உதவியதைக் குறித்துள்ளார். இத்துணை மலிவான பொருளை இயற்கை இத்துணை கவனமாக முள்ளுக்குள் மறைத்து வைத்தமை அவருக்கு வியப்பாகவும் இருந்தது. வட இந்தியாவில் தானியம் விலக்கிய நோன்பு நாள்களில் சிங்காடா மாவை உண்பர். குளங்களில் மிதக்கும் கொடியொன்றின் கொம்புக்காயான அதற்கும் ஆங்கிலத்தில் நீர்ச் செஸ்நட் என்ற பெயர் வழங்குவது ஒரு விந்தை. சீன உணவகங்களில் தகரப்பேணியிலிருந்து எடுக்கும் வெண்ணிற நீர்ச் செஸ்நட் வேறொன்று. அது கோரையின் உறவான சதுப்பு நிலப் புல்லினது கிழங்கு. மாவும் இனிமையும் மொறுமொறுப்பும் ஏதேனும் ஒருங்கே கண்டவிடமெல்லாம் ஆங்கிலேயர் இப்பெயரை ஒட்டினர் போலும்.

கோர்சிக்காவிற் பாண் மரம் அரசியலாயிற்று. அத்தீவை ஆண்ட ஜெனோவாக் குடியரசு 1584இல், ஒவ்வொரு நிலவுடைமையாளனும் ஆண்டுதோறும் நான்கு மரங்களை நடவேண்டும் என ஆணையிட்டது. அவற்றுள் ஒன்று செஸ்நட். இரண்டு நூற்றாண்டுகளில் தீவின் வடகிழக்கு மலைப்பகுதி செஸ்நட் காடாகியது. அதற்கு இன்று வழங்கும் கஸ்தாஞ்ஞிச்சா என்ற பெயரும் மரத்தால் வந்ததே. தானியம் விளையாத செங்குத்தான சரிவுகளில் ஊர்கள் நெருங்கி எழுந்தன. மாவை நீரிற் கிண்டிப் பூலெந்தா எனும் களியாக்கி, துணியிற் கவிழ்த்து, நூலால் அறுத்து, ஆட்டுப்பால் வெண்கட்டியோடு உண்டனர். 1755 முதல் 1769 வரை பஸ்குவாலே பாவோலியின் தலைமையில் தன்னாட்சி நடத்திய அத்தீவு 1769இற் பிரெஞ்சுப் படைகளிடம் வீழ்ந்தது. புதிய ஆட்சியாளர் 1771இல் ஓர் ஆணை பிறப்பித்தனர்: வேறு பயிருக்கு ஏற்ற நிலத்தில் இனிச் செஸ்நட் நடலாகாது.

காரணம் யாது? உழாமல், விதையாமல், மரத்தடியிற் காத்திருந்தாற் போதும், வயிறு நிறையும். ஆகவே இது மக்களைச் சோம்பேறிகளாக்குகின்றது என்பதே அதிகாரிகளின் வாதம். அக்காலத்துப் பிரெஞ்சுப் பொருளியற் சிந்தனையாளர் பலருக்குக் கோதுமை வயலே நாகரிகத்தின் அளவுகோல். கோதுமை உண்பவன் உழைப்பாளி, கொட்டை உண்பவன் சோம்பேறி என்றவாறு உணவை வகுத்து, அவ்வகுப்பையே மனிதர்மீதும் ஏற்றினர். ஒட்டுக்கட்டுதல், சரிவு மண் கரையாமற் கல்லணை கட்டுதல், அறுவடைக்கு முன் மரத்தடிப் புதர் வெட்டுதல், ஒக்டோபர், நவம்பர் மாதக் குளிரில் வளைந்த முதுகோடு முட்களிடையே ஒவ்வொன்றாகப் பொறுக்குதல், வாரக்கணக்கில் நெருப்புக்குக் கண்விழித்தல், அடித்தல், புடைத்தல், திரித்தல் ஆகிய இவையெல்லாம் உழைப்பாக அவர்கள் கண்ணிற் படவில்லை. பொறுக்கியவர்களும் புடைத்தவர்களும் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமாக இருந்தமையாற் படவில்லையோ என ஐயுறவும் இடமுண்டு. அவ்வாணை நிலைக்கவில்லை, 1773இல் நீக்கப்பட்டது. மலைச்சரிவிற் கோதுமை விளையாதென்பதை அறிய ஆட்சியாளருக்கு இரண்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

உருளைக்கிழங்கைப் பிரான்சிற் பரப்பியவர் எனப் புகழ்பெற்ற பார்மந்தியே, 1780இற் செஸ்நட் பற்றித் தனிநூலொன்று வெளியிட்டார். இம்மாவிலிருந்து நல்ல பாண் செய்தல் இயலுமா என ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர். பாண் பொங்குதற்கு வேண்டிய குளூட்டன் இம்மாவில் இல்லை. ஆகவே எவ்வளவு புளிக்கவிட்டாலும் அது கனத்த அடையாகவே அமையும். பாண் மரம் பாணைத் தராது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. ஆயின், பாணாகாமையை ஒரு குறையாக எண்ணியவர் பாண் உண்போரேயன்றிக் களி உண்போர் அல்லர். களியையும் கூழையும் தம்மளவில் முழுமையான உணவாக எண்ணாமல், பாணுக்குப் பதிலாக வந்தவை எனக் கொள்ளும் பார்வை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்தில் ஒடியற்கூழ் கோதுமை மாவின் முன் ஒதுங்கிய கதையை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

ஆணைகள் செய்யாததைச் சந்தை செய்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தோல் பதனிடுதற்கு வேண்டிய தனினை இம்மரத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஆலைகள் கோர்சிக்காவிலும் தென்பிரான்சிலும் எழுந்தன. கொட்டையை விற்றாற் சில்லறை, மரத்தை விற்றாற் கைநிறையக் காசு. பாட்டன்மார் ஒட்டுக்கட்டிய மரங்கள் வண்டிவண்டியாக இறங்கின. முதலாம் உலகப்போர் ஊர்களின் ஆண்மக்களைக் கொண்டுபோயிற்று. எஞ்சிய மரங்களுக்கு நோய் வந்தது. 1904இல் நியூயோர்க் விலங்கியற் பூங்காவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட மரப்பட்டைப் பூஞ்சணம், கீழைநாடுகளிலிருந்து கொணர்ந்த மரக்கன்றுகளோடு அமெரிக்காவுக்கு வந்ததாகும். கிழக்கு அமெரிக்கக் காடுகளில் நின்ற முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட செஸ்நட் மரங்களை அது அரை நூற்றாண்டுக்குள் அழித்தது. அப்பலேசிய மலைகளின் ஏழைக் குடும்பங்கள் கொட்டை விற்ற காசில் பிள்ளைகளுக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கிய வழக்கமும் அதனோடு அழிந்தது. 1938இல் அதே நோய் ஜெனோவாவிற் காணப்பட்டது. ஐரோப்பா தப்பியதற்குக் காரணம் அப்பூஞ்சணத்துக்கே ஒரு வைரசு நோய் பிடித்தமைதான். நோயுற்ற பூஞ்சணம் மரத்தைக் கொல்லும் வலியிழந்தது. 1960களில் பிரெஞ்சு ஆய்வாளர் கிராந்து இதனைக் கண்டறிந்து, நோயுற்ற பூஞ்சணத்தையே மரங்களுக்கு மருந்தாக்கினார்.

இன்று உலகின் செஸ்நட் விளைச்சலிற் பெரும்பங்கு சீனாவினது. அங்கே கரிய மணலிற் சீனிப்பாகோடு வறுப்பர். கொரியாவில் முன்னோர் வழிபாட்டுப் படையலில் இக்கொட்டை இடம்பெறும். மரம் வளர்ந்தபின்னும் விதைத்த கொட்டை வேரடியில் ஒட்டியிருக்குமாதலின், தோற்றுவாயை மறவாமைக்கு அது அடையாளம் என விளக்கம் கூறுவர். யப்பானியரோ இனிய கொட்டையோடு நில்லாது, தம் நாட்டுக் குதிரைச் செஸ்நட்டையும் விடவில்லை. அதனைப் பலநாள் ஓடும் நீரில் ஊறவிட்டு, மரச்சாம்பலிட்டுக் கசப்பை நீக்கி, அரிசியோடு இடித்துத் தோச்சிமோச்சி எனும் பண்டமாக்குவர். உண்ணத்தக்கது, தகாதது என்ற வகுப்பும் கொட்டையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வறுமையும் பொறுமையும் எவ்வளவு என்பதிலும் அது தங்கியுள்ளது. பாரிஸ் அறையின் ஆறு பேருக்கும் அன்று வறுமை இருந்தது. சாம்பலும் ஓடும் நீரும் இருக்கவில்லை.

அவ்விளைஞர் பாரிசிலேயே முதுமை எய்தினார். மூதாட்டி ஊர் திரும்பிய பின்னரும் ஒவ்வோர் ஒக்டோபரிலும் மொன்மொரான்சிக் காட்டுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. பிற்காலத்தில் தென்னாசிய இளைஞர்கள் பலர், அங்காடித் தள்ளுவண்டியில் தகர அடுப்பை வைத்து, பொலிஸார் வரும் திசையைப் பார்த்தபடி சூடான மரோன் விற்பதைக் கண்டு, தேவையில்லாவிடினும் ஒரு சுருள் வாங்குவார். அவர்களுட் சிலர் தமிழில் விலை சொன்னதும் உண்டு. 2006இற் கோர்சிக்காவின் செஸ்நட் மாவுக்குப் பிறப்பிடப் பெயருரிமைச் சான்று கிடைத்தது. சோம்பேறியின் உணவென விலக்கப்பட்டது, கோதுமை ஒவ்வாத நகரத்தார் தேடி வாங்கும் அரும்பொருளாயிற்று. மூன்று கிலோ அளவு புதிய கொட்டை சேர்ந்தாலே ஒரு கிலோ மா தேறும், விலையும் அதற்கேற்றதுதான்.

2018ஆம் ஆண்டு, முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின் அவர் ஊருக்கு வந்தபோது, பயணப் பெட்டியில் அம்மா இரண்டு கிலோ இருந்தது. எண்பதை அண்மித்த தமக்கையார் பொதியைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே பிடித்தார்.

"உது என்ன மா, தம்பி? ஒடியல் மாவே?"

"இல்லை அக்கா. மரத்தில காய்க்கிற ஒரு கொட்டையின்ரை மா. பிரான்சில மலைச்சனம் முந்தி இதுதான் சாப்பிட்டது."

"அங்கையும் எங்களைப்போல சனம் இருந்ததே?" என்றார் தமக்கையார். பிரான்சு என்றால் வெண்ணெயும் பாணும் என்றே அவர் அதுவரை எண்ணியிருந்தார்.

மாலையிற் பிட்டு அவிப்பதாகச் சொல்லி உள்ளே சென்றார். தம்பியார் கிணற்றடியிலிருந்து திரும்பியபோது, மாவிற் பாதி மண்சட்டியில், மேலே தெளிந்த நீருடன் ஊறிக்கொண்டிருந்தது. ஒடியல் மாவின் கசப்பை எடுக்க நீரில் ஊறவிட்டுப் பிழிவது வழக்கம். கை தன்பாட்டிற் செய்துவிட்டது. இதிற் கசப்பில்லை, ஊறவிட்டால் இனிப்பெல்லாம் போய்விடும் என்று அவர் பதறினார். எஞ்சிய பாதியை நீற்றுப்பெட்டியில் இட்டபோது அதுவும் பிட்டாக உதிரவில்லை. திரண்டு களியாக வந்தது. மலைச்சனமும் களியாகத்தான் தின்றதென்று தம்பியார் சமாதானம் கூற, தேங்காய்ப்பால் விட்டு இருவரும் அதனை உண்டனர்.

மண்சட்டி நீரைக் கொட்டப்போன தமக்கையார், வாசலில் நின்று, ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். "இனிக்குதடா" என்று சொல்லி, சட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தார்.